முதலமைச்சருக்கு முப்பத்தஞ்சு மார்க்

இனிமே முதலமைச்சருக்கு முப்பத்தஞ்சு மார்க்குக்கு மேல போடறதில்லன்னு ஒரு சாயங்காலம் நான் முடிவெடுத்தேன். அவருக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா மனுஷன் அன்னிக்கு சாப்பிட்டிருக்க மாட்டாரு.

என் பேர் தாண்டவராயன். பேர்ல இருக்குற ஆட்டமெல்லாம் வாசப்படி வரைக்கும்தான். செஞ்சியில, சிங்கவரம் டவுன் பஸ் போற ரோட்டு மேலயே எங்க வீடு. முன்னால ஷட்டர் போட்ட ரூம் ஒண்ணு இருக்குது. ஒரு காலத்துல அதுல டெலிபோன் பூத் வெச்சிருந்தேன். பூத் போயி ரீசார்ஜ் கடை ஆச்சு. அப்புறம் ஜனங்க அவங்கவங்க போன்லயே ரீசார்ஜ் பண்ணிக்கக் கத்துக்கிட்டாங்க, அதுவும் போச்சு. சிங்கவரத்துல இருக்குற கொல்லி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டேன். அதுல மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, போட்டவன் கவலைப்படறான், நான் நிம்மதியா இருக்கேன். ரூம் சும்மா கிடக்கக் கூடாதேன்னு அதுல சட்டசபையை ஆரம்பிச்சேன்.

சபையில மூணு உறுப்பினருங்க. முருகையன் ஆளுங்கட்சி. கூட்டுறவு சொசைட்டியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. செந்தமிழன் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு. எல்லாக் கட்சிக்காரனுக்கும் பாலிசி விக்கணும்ங்கறதால நடுநிலை. நான் எதிர்க்கட்சி, எங்க வார்டுக்குத் துணைச் செயலாளர். செயலாளர் யாருன்னு கேக்காதீங்க, அவர் துபாய்ல இருக்காரு.

தினம் சாயங்காலம் டீ வந்ததும் சபை கூடும். நான் முதலமைச்சருக்கு மார்க் போடுவேன். மழை பெஞ்சா தண்ணி தேங்குதுன்னு குறைப்பேன். பெய்யலன்னா ஏரி காஞ்சுதுன்னு குறைப்பேன். ஸ்கூல்ல பசங்களுக்குக் காலையில டிபன் போடறதுக்கு முருகையன் பத்து மார்க் கேட்டாரு. உப்புமால முந்திரி இல்லன்னு சொல்லி நாலு குடுத்தேன். இலவச பஸ்ஸுக்குத்தான் நான் ரொம்பக் கறார். பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீன்னு சொல்லிட்டா ஆச்சா, நிக்கணும்ல, இந்த ரோட்டுல எங்கயாவது நிக்குதா, கை காட்டினா டிரைவர் மலையைப் பாத்துக்கிட்டே போறான்னு தினம் ஒரு தடவையாவது மேசையைத் தட்டுவேன். எங்க கட்சி ஆட்சியில இருந்தப்ப என் மார்க் வேற மாதிரி இருந்துச்சு. அதை இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு.

சபைக்கு டீ சப்ளை என் சம்சாரம் வளர்மதி. அவ டெய்லர். ப்ளவுஸ் தைப்பா, ஆரி வேலையும் கத்துக்கிட்டா. அவ மெஷின் சமையக்கட்டுல கேஸ் சிலிண்டர் பக்கத்துல இருந்துச்சு. சாம்பார் கொதிக்கறப்ப மிதிக்கறதை நிறுத்தி, கிண்டிட்டு, மறுபடி மிதிப்பா. செஞ்சியில பாதிப் பேரோட ஜாக்கெட்டுல எங்க வீட்டு சாம்பார் வாசனை இருக்குது.

கஷ்டம் இன்னான்னா, அவகிட்ட போவணும்னா சபையைத் தாண்டித்தான் போவணும். பொண்ணுங்க அளவு ஜாக்கெட்டை மஞ்சப் பைக்குள்ள மடிச்சு வெச்சுக்கிட்டு வருவாங்க. ஷட்டர்கிட்ட வந்து எட்டிப் பாத்தா மூணு ஆம்பளைங்க காலை நீட்டிக்கிட்டு நாட்டைப் பத்திக் கவலைப்பட்டுக்கிட்டு இருப்போம். அப்படியே செருப்பைக் கூடக் கழட்டாம திரும்பிடுவாங்க. நாங்க யாரையும் போவச் சொன்னதில்ல. வாம்மா, உள்ள போம்மான்னுதான் சொல்லுவோம். மூணு பேரும் ஒண்ணா சொல்லுவோம், அதுதான் அவங்களுக்கு ஒத்துக்கல போலிருக்குது.

ஒரு நாள் அனந்தபுரத்துலேர்ந்து ஒரு கல்யாணப் பொண்ணும் அவ அம்மாவும் வந்தாங்க. முகூர்த்த ப்ளவுஸ், ரிசப்ஷன் ப்ளவுஸ், நாத்தனாருங்களுக்கு, சித்திங்களுக்குன்னு பெரிய ஆர்டர். வளர்மதி அவங்களுக்காக டிசைனெல்லாம் போன்ல எடுத்து வெச்சிருந்தா. வந்தவங்க ரூமுக்குள்ள காலை வெச்சதும் முருகையன் மரியாதையா எழுந்து, "உங்க ஊர்ல ஆட்சி எப்படிம்மா இருக்குது?"ன்னு அந்த அம்மாவைக் கேட்டுட்டாரு. அந்த அம்மா பொண்ணு கையைப் பிடிச்சாங்க. அவ்வளவுதான். அவங்களை ஏத்திக்கிட்டு வந்த பஸ்ஸு கூடத் திரும்பியிருக்காது, அதுக்குள்ள அவங்க திரும்பிட்டாங்க. ஆர்டர் பஜார்ல வேற கடைக்குப் போச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது.

அன்னிக்கு டீ வரல. உறுப்பினருங்க தொண்டையைக் கனைச்சுப் பாத்துட்டுக் கிளம்பிட்டாங்க. வளர்மதி வந்து நிலைப்படியில நின்னா. அழல. அழுதிருந்தா சமாளிச்சிருப்பேன்.

"எனக்கு அந்த ரூமு வேணும்."

சபையை அப்புறம் எங்க கூட்டுறதுன்னு கேட்டேன். ஜனநாயகம் இன்னாவறதுன்னு கேட்டேன்.

"தினம் முதலமைச்சர் ஒண்ணும் செய்யல, ஒண்ணும் செய்யலன்றீங்களே," ன்னா. "அவர்கிட்ட நீங்க இன்னா கேட்டீங்க?"

"கேட்டாத்தான் செய்யணுமா?"

"நீங்க கேக்காம நான் டீ போடறனா?"

இதுக்கு எங்க கட்சித் தலைமைக்கே பதில் தெரியாது. எனக்கு ஆவேசம் வந்துடுச்சு. ஆவேசம் வந்தா நான் மேடையில இருக்குற மாதிரி பேசுவேன், அதுதான் என்னைக் கெடுத்துச்சு.

"கேட்டுப் பாரு. அடுத்த வாரம் கல்யாண மண்டபத்துல மனு வாங்குற முகாம் நடக்குதாம். ஒரு மனு குடு. அந்த மனுவால நம்ம தெருவுக்குக் குண்டூசி அளவு நல்லது நடந்தாலும் ரூம் உனக்கு. ஷட்டர் சாவியை நானே கையில குடுக்கறேன்."

"நடக்கலன்னா?"

"ரூம் பேச்சையே எடுக்கக் கூடாது. டீயோட பக்கோடாவும் வரணும்."

"சரி," ன்னுட்டு உள்ள போயிட்டா.

வளர்மதி இவ்வளவு சுருக்கா சரின்னு சொன்னா யோசிக்கணும். நான் யோசிக்கல. பக்கோடாவை நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆனா படுத்ததும் ஒரு பயம் வந்துச்சு. இவ தெரு விளக்கு, சாக்கடை மூடின்னு சின்னதா ஏதாவது கேட்டு வெச்சா? அந்த ஆளு தப்பித் தவறி செஞ்சு தொலைச்சா? கவர்மெண்ட்டை நம்பவே முடியாது. சமயத்துல வேலை செஞ்சிடும். அதனால காலையில எழுந்ததும், மனுவை நானே எழுதித் தர்றேன் வளரு, உனக்குத் தையல் வேலை இருக்குதுல்லன்னு அன்பா சொன்னேன். அதுக்கும் சரின்னா.

நான் எழுதினது ரோப் காருக்கு. எங்க தெருவுலேர்ந்து நேரா ராஜகிரி மலை உச்சிக்கு. வயசானவங்க, குழந்தைங்க, வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் கோட்டையைக் கால் வலிக்காம பாக்கணும்னு கண்ணுல தண்ணி வர்ற மாதிரி எழுதினேன். ராஜா தேசிங்கு குதிரையில ஏறின மலையை ஏழை ரோப் கார்ல ஏறக் கூடாதான்னு ஒரு கேள்வி வெச்சேன். எழுதி முடிச்சதும் எனக்கே அந்த ரோப் கார் வேணும் போல இருந்துச்சு.

யார் பேர்ல குடுக்கறதுங்கறதுல ஒரு சிக்கல் வந்துச்சு. நான் வார்டு துணைச் செயலாளர். எதிர்க்கட்சிக்காரன் போயி முதலமைச்சர்கிட்ட மனு குடுத்தான்னு வெளிய தெரிஞ்சா துபாய்லேர்ந்து போன் வரும். அதனால மனுதாரர் வளர்மதின்னே போட்டேன். போன் நம்பரும் அவளுதே. முகாம் அன்னிக்கு அவளை உள்ள அனுப்பிட்டு நான் எதிர்ல கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால நின்னேன். முருகையன் வேட்டி மடிப்புக் கலையாம வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்க வாங்கன்னுக்கிட்டு இருந்தாரு. கொஞ்ச நேரத்துல வளர்மதி வெளிய வந்தா.

இன்னா சொன்னாங்கன்னு கேட்டேன். வாங்கிக்கிட்டாங்க, படிச்சாங்க, சிரிச்சாங்கன்னா. எனக்கு நிம்மதியாச்சு. ஜூஸ்காரருக்குத்தான் நிம்மதி இல்ல, நான் ஒரு கிளாஸ் கூடக் குடிக்காம அவ்வளவு நேரம் அவர் வண்டியை மறைச்சுக்கிட்டு நின்னிருந்தேன்.

அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் நடக்கல. நான் தினம் முப்பத்தஞ்சு போட்டேன். பக்கோடாவுக்கு வெங்காயத்தைப் பொடியா நறுக்கணுமா நீட்டமா நறுக்கணுமான்னு சபையில ஒரு விவாதம் கூட வெச்சோம். நடுவுல ஒரு நாள் நான் மார்க் அறிவிச்சுக்கிட்டு இருக்கறப்ப வளர்மதிக்கு ஒரு போன் வந்துச்சு. அவ சமையக்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினா. மேல்மலையனூர்ல இருக்குற அவ தங்கச்சியா இருக்கும், அமாவாசைக்குக் கூப்பிடறான்னு நான் விட்டுட்டேன்.

ஒரு வியாழக்கிழமை ரெண்டு பேர் டேப்பை எடுத்துக்கிட்டு வந்து எங்க வாசல்ல ரோட்டை அளந்தாங்க. ஒருத்தர் ரோட்டைப் பாத்தாரு, எங்க ஷட்டரைப் பாத்தாரு, அப்புறம் நிமிந்து மலையைப் பாத்தாரு. எதுக்குங்க அளக்கறீங்கன்னு கேட்டேன்.

"மனு வந்திருக்குது சார். இடம் பாக்கறோம்."

அன்னிக்கு சபையில ஒரே அமளி. ரோப் கார் வருதுன்னு நான் வாய் தவறிச் சொல்லிட்டேன், யார் மனுன்னு மட்டும் சொல்லல. முருகையன், பாத்தியா எங்க ஆளை, கேட்ட உடனே மலைக்குக் கம்பி கட்டறாருன்னு நெஞ்சை நிமித்தினாரு. செந்தமிழன், கம்பியில தொங்குறவங்களுக்குத் தனி பாலிசி உண்டு, முதல் ஆளா நீங்க போடுங்கன்னு என்னைப் பிடிச்சாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ரூம் போகுதேன்னு ஒரு பக்கம். திறப்பு விழாவுல முதல் பெட்டியில நான் உக்காந்திருக்கற மாதிரி இன்னொரு பக்கம். ராத்திரி சோத்துல கையை வெச்சுக்கிட்டு முப்பத்தஞ்சை நாப்பதாக்கலாமான்னு யோசிச்சேன்.

வளர்மதி என்னைப் பாத்து, இன்னாங்க, ரசம் ஊத்தட்டான்னு மட்டும் கேட்டா.

மறு வாரம் குழி தோண்டினாங்க. ரோப் கார் கம்பத்துக்கு இவ்வளவு சின்னக் குழியான்னு நான் கிட்டப் போயிப் பாத்தேன். ஒரு இரும்புக் குழாயை நட்டு, சிமெண்டை ஊத்தி, மேல ஒரு பலகையை மாட்டிட்டுப் போயிட்டாங்க. பலகையில பேருந்து நிறுத்தம்னு எழுதியிருந்துச்சு. சிமெண்டு காயறதுக்குள்ள சிங்கவரம் பஸ் வந்துச்சு. மலையைப் பாத்துக்கிட்டே போற அதே டிரைவர். பிரேக்கைப் போட்டு, எங்க ஷட்டருக்கு நேரா, டயர் தேயத் தேய நிறுத்தினாரு.

பஸ்ஸுலேர்ந்து பொம்பளைங்க இறங்கினாங்க. இறங்கினாங்க, இறங்கிக்கிட்டே இருந்தாங்க. திரும்பப் போற பஸ்ஸுக்கு நிக்கறவங்க வெயில் தாங்காம எங்க ரூமுக்குள்ளயே வந்துட்டாங்க. மீனம்பாள்னு ஒரு அம்மா, தலையில இருந்த மல்லாட்டை மூட்டையை என் மேசை மேல இறக்கி வெச்சுட்டு, முருகையனைப் பாத்தாங்க. முருகையன் எழுந்து நாற்காலியைக் குடுத்துட்டாரு. அடுத்தது செந்தமிழன் எழுந்தாரு. நான் கொஞ்ச நேரம் சமாளிச்சேன். அப்புறம் ஒரு கைக்குழந்தை வந்துச்சு. கைக்குழந்தைக்கு முன்னால எந்த எதிர்க்கட்சியும் உக்காந்திருக்க முடியாது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவுலேர்ந்து மஞ்சப் பையோட ஒரு பொண்ணு சர்வ சாதாரணமா, செருப்பைக் கழட்டிட்டு, சமையக்கட்டுக்குப் போச்சு. பின்னாலயே இன்னொண்ணு போச்சு.

நானும் பின்னாலயே போனேன். வளர்மதி டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு அளவெடுத்துக்கிட்டு இருந்தா. பொண்ணுங்க போற வரைக்கும் நின்னு, அப்புறம் கேட்டேன்.

"நான் எழுதினது ரோப் காரு."

"ஆமா. ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம் போன் பண்ணாங்க. ஏம்மா, ரோப் கார் எங்க கையில இல்ல, அதெல்லாம் பெரிய இடம், மேல அனுப்பறோம், உங்களுக்கு இங்க நாங்க செய்யற மாதிரி ஏதாவது இருக்குதான்னு கேட்டாங்க. எனக்குச் சட்டுனு ஒண்ணும் தோணல."

"அப்புறம்?"

"முன் ரூம்ல நீங்கதான் மேசையைத் தட்டிக்கிட்டு இருந்தீங்களே, பஸ் நிக்கவே மாட்டேங்குதுன்னு. அதையே சொல்லிட்டேன். நியாயமாத்தான் இருந்துச்சு."

எவ்வளவு வருஷமா மேசையைத் தட்டியிருக்கேன். ஒரே ஒரு தடவை அது கவர்மெண்ட்டு காதுல விழுந்திருக்குது, அதுவும் என் சம்சாரம் போன் வழியா.

மனுல இருக்கறது ஒண்ணு, நடந்தது ஒண்ணு, இது செல்லாதுன்னு வாதாடினேன்.

"மனு என் பேர்ல," ன்னா. "தெரு நம்ம தெரு. குண்டூசி அளவுன்னு சொன்னது நீங்க. பஸ்ஸு அதைவிடக் கொஞ்சம் பெருசு."

சாவியைக் குடுத்தேன். குடுக்கறப்ப மனசு கேக்காம, அப்ப உனக்கு முதலமைச்சர் ரொம்ப நல்லவராத் தெரியறாரா, எவ்வளவு மார்க் போடுவன்னு கேட்டேன்.

அவ சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டே சொன்னா. "எனக்கு மார்க்கெல்லாம் போடத் தெரியாது. கேட்டேன், நிறுத்தினாரு. அதுக்கு நல்லா இருக்கட்டும். மத்தியானம் கரெண்டு போவுது, மெஷினுக்கு மோட்டார் வெச்சாலும் ஓட்ட முடியாது. அதையும் கேப்பேன். செய்யலன்னா திட்டுவேன். உங்களை மாதிரி கேக்காமலே திட்ட மாட்டேன்."

அன்னிக்கே மெஷின் முன் ரூமுக்கு வந்துடுச்சு. நான்தான் தூக்கிக்கிட்டு வந்தேன், ஒரு பக்கம் முருகையன் பிடிச்சாரு. வெளிச்சத்துல உக்காந்து மொத மொத மிதிச்சப்ப அவ மூஞ்சியைப் பாத்தேன். சமையக்கட்டுல இத்தனை நாளா குனிஞ்சு குனிஞ்சு ஊசியில நூல் கோத்தவ, நிமிந்து உக்காந்து கோத்தா. எனக்கு வெக்கமா இருந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துச்சு. ரெண்டையும் வெளிய காட்டிக்கல. கொஞ்ச நாள்ல அனந்தபுரத்து அம்மா கூட ரெண்டாவது பொண்ணு நிச்சயத்துக்குன்னு துணியை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. இந்தத் தடவை ஆட்சியைப் பத்தி அவங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல.

சபை வெளிய வந்துடுச்சு. பலகைக்குக் கீழ நிழல் கொஞ்சம் விழும், அங்க நின்னு கூட்டுறோம். ஆனா அது பஸ் நிறுத்தமா போச்சு. நான் கையை நீட்டி ஒரு பாயிண்ட் சொன்னா போதும், சிங்கவரம் பஸ் வந்து நிக்குது. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்கன்றாரு. ஏறலன்னா, அப்ப எதுக்குய்யா கை காட்டினேன்னு திட்டிட்டுப் போறாரு. ஒரு நாள் செந்தமிழன் கூச்சப்பட்டுக்கிட்டு ஏறியே போயிட்டாரு, சிங்கவரத்துல ரெண்டு பாலிசி பிடிச்சுக்கிட்டு வந்தாரு. இப்பல்லாம் கையைக் கட்டிக்கிட்டுத்தான் விமர்சனம் பண்றேன். காரம் குறைஞ்சுடுச்சுன்னு முருகையனே சொல்றாரு.

போன வாரம் வளர்மதியோட போன் அடிச்சுது. அவ வாயில ஊசி வெச்சுக்கிட்டுக் கொக்கியெல்லாம் பொறுக்கிக்கிட்டு இருந்தா, எடுங்கன்னு ஜாடை காட்டினா. எடுத்தேன். சென்னையிலேர்ந்து ஒரு பொண்ணு பேசிச்சு. முதலமைச்சர் ஆபீஸ் சார்பா பேசறோம் சார், நீங்க குடுத்த மனு மேல நடவடிக்கை எடுத்திருக்கோம், அரசாங்கத்தோட செயல்பாடு எப்படி இருக்குதுன்னு உங்க கருத்தைத் தெரிஞ்சுக்கணும்னு சொல்லிச்சு.

உங்களுக்குப் புரியுதா? கேக்கறாங்க. கவர்மெண்ட்டே போன் பண்ணிக் கேக்குது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இத்தனை வருஷம் ரூம்ல ஒத்திகை பாத்திருக்கேன். எழுந்து நின்னேன். வேட்டியைச் சரி பண்ணேன். தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "சாலைகளைப் பொறுத்தவரைக்கும்," ன்னு ஆரம்பிச்சேன்.

"சார், நீங்க மனுதாரர் வளர்மதிங்களா?"

"அவங்க வீட்டுக்காரர்."

"மன்னிச்சுக்குங்க சார். மனுதாரர் கருத்தை மட்டும்தான் நாங்க பதிவு பண்ண முடியும். அவங்ககிட்ட குடுங்க."

மார்க்காவது சொல்லிடறேனேன்னேன். வேணாம் சார்ன்னுடுச்சு. போனை ஸ்பீக்கர்ல போட்டு வளர்மதி முன்னால நீட்டினேன். அவ வாயிலேர்ந்து ஊசியை எடுத்துத் துணியில குத்தி வெச்சா.

திருப்திங்களாம்மான்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. திருப்திதாங்க, பஸ் நல்லா நிக்குது, அந்த டிரைவரையும் நான் விசாரிச்சேன்னு சொல்லுங்கன்னா வளர்மதி. கரெண்டு விஷயத்தையும் சொன்னா. குறிச்சுக்கிட்டோம்மான்னு சொல்லிச்சு. அப்புறம் கேட்டுச்சு.

"இது தவிர உங்க வீட்டுல வேற ஏதாவது குறை இருக்குதாங்கம்மா?"

வளர்மதி தலையைத் தூக்கி என்னை உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் நிதானமா ஒரு தடவை பாத்தா.

"இருக்குதும்மா. ஆனா அது கவர்மெண்ட்டால ஆவற காரியமில்ல. விடுங்க, நானே பாத்துக்கறேன்."